தலைப்புக்குள் வராத படங்கள்

2020இலிருந்து நம்மிடையே ஒரு சிறு தொழில் வளர்ந்தது. கொள்ளை நோய்க் காலத்தை மாணவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று அவர்களையே வரையச் சொல்வது, எழுதச் சொல்வது, பரிசு கொடுப்பது, பிறகு அதை ஒரு மலராகத் தொகுத்து முன்னால் நான்கு வாழ்த்துரைகள் போட்டு வெளியிடுவது. கல்லூரிகள் செய்தன, சங்கங்கள் செய்தன. கலந்துகொண்ட எல்லோருக்கும் சான்றிதழ் கைபேசியிலேயே வந்து விழுந்தது. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலுமாக என் கைக்குக் கிடைத்த இத்தகைய மலர்களைப் பொறுமையாகப் புரட்டினேன். இலக்கிய நண்பர்கள் சிலர் இவற்றை ‘இளம் தலைமுறையின் ஆவணம்’ என்று மதிப்புரைகளில் கொண்டாடியிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அந்த ஆவணத்தில் இருப்பது இதுதான். முகக்கவசம் போட்ட உலக உருண்டை. வாயில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு அழுகிற உலக உருண்டை. எட்டுக் கைகளோடு நிற்கும் பெண் மருத்துவர், ஒரு கையில் ஊசி, ஒரு கையில் சூலம். பல்லைக் காட்டும் கிருமி, அதன் மேல் பூட்ஸ் கால். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு குழந்தை, வெளியே சுதந்திரமாய் ஒரு குருவி. கட்டுரைகளோ இன்னும் ஒழுங்கு: முதல் பத்தியில் இயற்கை மனிதனுக்குப் பாடம் புகட்டும், இரண்டாவதில் குடும்பம் ஒன்றுசேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும், மூன்றாவதில் இதுவும் கடந்துபோகும். காரைக்கால் மாணவன் எழுதினாலும் கரூர் மாணவி எழுதினாலும் இந்த வரிசை மாறவில்லை. பெயர்களை மாற்றி அச்சிட்டிருந்தால் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்காது.

இது மாணவர் கலை அல்ல என்பது என் கட்சி. மாணவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. கோடுகளில் பல இடங்களில் நல்ல பயிற்சி தெரிகிறது. இவை அவர்கள் கையால் எழுதப்பட்ட நம்முடைய வாசகங்கள் என்கிறேன். நாம் கேட்க விரும்பியதை நமக்குத் திருப்பிச் சொல்ல அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சன்மானம்தான் அந்தச் சான்றிதழ்.

அந்தக் கிருமியையே எடுத்துக்கொள்வோம். சாம்பல் நிற உருண்டை, அதில் சிவப்புக் கொம்புகள். இந்தப் படத்தை எந்த மாணவனும் கற்பனை செய்யவில்லை. 2020 ஜனவரியில் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையத்தில் வேலை பார்க்கும் அலிசா எக்கர்ட், டான் ஹிகின்ஸ் என்ற இரண்டு மருத்துவ ஓவியர்கள் தங்கள் அலுவலக வேலையாகச் செய்துகொடுத்த படம் அது. கிருமிக்கு நிறம் கிடையாது. ஒளியின் அலை நீளத்தைவிடச் சிறியது அது. ஜனங்கள் கவனிக்கவேண்டும், எச்சரிக்கையாக வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அந்தச் சிவப்பு. அவர்கள் தங்கள் காரியத்தைச் செவ்வனே செய்தார்கள். சென்னையில் 2020 மார்ச் இறுதியில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் அதே உருண்டையை ஹெல்மெட்டாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாலையில் நின்றாரே, அதுவும் எச்சரிக்கைதான். அதோடும் எனக்குச் சண்டையில்லை. எச்சரிக்கைச் சித்திரத்தை ஒரு மாணவியின் அனுபவம் என்று நமக்குக் காட்டும்போதுதான் சண்டை. அவள் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை வரைந்தாள். கண்ணால் பார்த்ததை வரையவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

1918இன் இன்ஃப்ளுயன்ஸாவில் வியன்னாவில் எகோன் ஷீலே என்ற ஓவியன் செத்தான். வயது இருபத்தெட்டு. அவன் மனைவி எடித், ஆறு மாதக் கர்ப்பிணி, அக்டோபர் 28ஆம் தேதி இறந்தாள். அவன் 31ஆம் தேதி. அவள் சாவதற்கு முதல் நாள் அவள் முகத்தை வரைந்தான். அவ்வளவுதான், ஒரு முகம். அடுத்த வருஷம் நார்வேயில் எட்வர்ட் மூங்க் தன்னையே வரைந்துகொண்டார்: நாற்காலி, போர்வை, கலைந்த படுக்கை, திறந்த வாய். இரண்டிலும் கிருமி இல்லை, உலகம் இல்லை, வெல்வோம் என்ற கோஷம் இல்லை. அன்றைக்கு அந்தக் கிருமியை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் கண்டுபிடித்திருந்தாலும் ஷீலே எடித்தின் முகத்தைத்தான் வரைந்திருப்பான். எது தன் முன்னால் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

நம் மாணவர்களின் முன்னால் எதுவும் இல்லையா? புதுச்சேரியை மட்டும் சொல்கிறேன். இந்த ஊருக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் எல்லை என்பது சில இடங்களில் ஒரு தெருவின் அகலம். 2020இல் அந்தத் தெரு அகலம் ஒரு தேசத்தின் அகலமாயிற்று. முத்தியால்பேட்டையில் கல்லூரித் தோழி, கோட்டக்குப்பத்தில் வீடு. நடுவில் தடுப்புக் கட்டை, போலீஸ், இ-பாஸ். கோரிமேட்டில், கன்னியக்கோயிலில் இதே கதை. 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை, இந்த ஊர் ஜனங்களுக்கு ரோடியர் மில், 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. நூற்றிருபது வருஷத்துச் சங்கு, ஊரடங்கின் நடுவில், கூடி நின்று பார்க்கவும் ஆள் வரமுடியாத ஒரு நாளில் நின்றுபோயிற்று. அந்த மில் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் இந்தக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில், பாதுகாப்பு உடையணிந்த ஊழியர்கள் ஒரு உடலைக் கொண்டுவந்து குழிக்குள் வீசிவிட்டுப் போன காணொளி இந்த ஊரிலிருந்துதான் தேசம் முழுவதும் போயிற்று. ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய அதே கைபேசியில்தான் மாணவர்களும் அதைப் பார்த்தார்கள். 2021 மே மாதத்தில் கதிர்காமம் மருத்துவமனை வாசலிலும் ஜிப்மர் வாசலிலும் காத்துக்கிடந்தவர்களில் எத்தனையோ பேர் இந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள், அண்ணன்கள். நான் பார்த்த மலர்களில் மில் இல்லை. குழி இல்லை. தடுப்புக் கட்டை இல்லை. உலக உருண்டை இருக்கிறது.

இது எப்படி நேர்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு சங்கம் நடத்திய ஓவியப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவன், பத்திரிகையில் ஏதோ எழுதுகிறவன், சம்பாவனை கேட்கமாட்டான் என்பது தகுதி. தலைப்பு: ‘நம்பிக்கையே மருந்து’. வந்த படங்களில் ஒன்று பென்சிலால் வரைந்தது. ரேஷன் கடை வாசல். தரையில் சுண்ணாம்பு வட்டங்கள். ஒரு வட்டத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, அடுத்ததில் மஞ்சள் பை, அடுத்ததில் மண்ணெண்ணெய் கேன், ஒன்றில் அரைச் செங்கல். ஆள் ஒருவர்கூட இல்லை. கடைக் கதவு சாத்தியிருக்கிறது. செருப்பில் ஒன்றுக்கு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்ததையும் வரைந்திருந்தாள் அந்தப் பெண்.

முதல் பரிசு இதற்குத்தான் என்றேன். ஓவிய ஆசிரியரான சக நடுவர், ‘சார், இதுல மனுஷனே இல்லையே’ என்றார். ‘மனுஷன் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கான், அவன் செருப்பு க்யூவில நிக்குது’ என்றேன். ‘அது சரிங்க சார், நம்பிக்கை எங்க இருக்கு?’ என்று கேட்டார் மூன்றாமவர். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் தீர்ப்பு, படம் தலைப்புக்குள் வரவில்லை என்பது. முதல் பரிசு எட்டுக் கை மருத்துவருக்குப் போயிற்று. பென்சில் படத்துக்கு ஆறுதல் பரிசும் இல்லை. வண்ணம் தீட்டியிருக்கவேண்டும் என்பது விதிகளில் இருந்ததாம்.

அந்த இருவரும் கெட்டவர்கள் அல்ல. ஓவிய ஆசிரியர் அந்தப் பெண்ணின் கோட்டைப் புகழ்ந்தார். அதுதான் ஆபத்து. கோடு நன்றாயிருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் அது எதைப் பார்க்கிறது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. அடுத்த தடவை அந்தப் பெண் என்ன வரைவாள்? புத்திசாலியாக இருந்தால் எட்டுக் கை மருத்துவரை வரைவாள். பரிசும் வாங்குவாள். அதைத்தான் நாம் பிறகு ‘இளம் தலைமுறையின் ஆவணம்’ என்போம்.

அந்தச் சுண்ணாம்பு வட்டத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் எங்கள் கிளை வாசலிலும் அவை இருந்தன. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதம். கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து எந்த நாள் வரவேண்டும் என்று பிரித்திருந்தார்கள். உடனே எடுக்காவிட்டால் சர்க்கார் திருப்பி எடுத்துக்கொண்டுவிடும் என்று வதந்தி. அந்த வருஷம் இந்த நாட்டில் அதிகம் பேர் பார்த்த, அதிகம் பேர் உள்ளே நின்ற சித்திரம் அந்த வட்டம்தான். அதை வரைந்தவர்கள் முனிசிபல் ஊழியர்கள், போலீஸ்காரர்கள், ரேஷன் கடைச் சிப்பந்திகள். கோலம் போடுகிற நாட்டில் ஒரு காலத்தின் அடையாளமே தரையில் ஒரு வட்டமாக அமைந்தது. நான் பார்த்ததில் அதைக் கண்டு வரைந்தது ஒரே ஒரு மாணவி. அவளையும் தலைப்புக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

எதிர்வாதங்கள் மூன்று உண்டு. ஒன்று: குழந்தைகள், அவர்களிடம் ஏன் இவ்வளவு கடுமை? பதினெட்டு வயதில் ஓட்டுப் போடலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம், ஆனால் தான் கண்டதைச் சொல்ல மட்டும் குழந்தை. இந்தக் கரிசனம் மரியாதை ஆகாது. கடுமை வேண்டியது தலைப்புக் கொடுத்தவர்களிடம் என்றுதான் நானும் சொல்கிறேன்.

இரண்டு: கலை ஆற்றும், மனப்புண்ணுக்கு மருந்து. புண் இருக்கிற இடத்தைப் பார்க்காமல் மருந்து போடுகிற வைத்தியம் எந்த ஊரில் உண்டு? நம் கிராமத்தில் அம்மை போட்டால் வேப்பிலை சொருகுவார்கள், வெளியாள் உள்ளே வரமாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்ப்பார்கள். மாரியம்மனை நம்புகிறோமோ இல்லையோ, நோய் ஒரு வீட்டுக்கு வந்தால் அந்த வீடு எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதற்கு அங்கே ஒரு பாஷை இருந்தது. பயத்துக்கும் அதில் இடம் இருந்தது. நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போர்ப் பாஷை மட்டும்: எதிரி, வீரர்கள், வெற்றி. செத்துப்போன அப்பாவை இந்தப் பாஷையில் எங்கே வைப்பது? தோற்றவர் என்றா?

மூன்றாவதுதான் இலக்கியவாதிகளின் வாதம், ஆகவே கொஞ்சம் கௌரவமானது. அனுபவத்துக்கு இடைவெளி வேண்டும். உடனே எழுதுவது செய்தி, ஆறவிட்டு எழுதுவதே கலை. ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்த எல்லோரையும்போல நானும் வேர்ட்ஸ்வொர்த்தை மனப்பாடம் செய்துதான் தேறினேன். டீஃபோவின் கொள்ளை நோய் நூல் 1722இல் வந்தது. லண்டனில் அந்தப் பிளேக் நடந்தது 1665இல், டீஃபோவுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். ஐம்பத்தேழு வருஷ இடைவெளி. ஆனால் அந்த நூல் எதன் மேல் நிற்கிறது? வாராவாரம் லண்டனின் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேர் எந்த நோயில் செத்தார்கள் என்று தேவாலயக் குமாஸ்தாக்கள் எழுதி வெளியிட்ட பட்டியல்களின் மேல். யாரோ உடனுக்குடன் எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவனுக்கு இடைவெளி பிரயோஜனப்பட்டது. இடைவெளி வேண்டும் என்கிறவர்கள் கையிருப்பு என்ன என்று காட்டவேண்டும். கையிருப்பு உலக உருண்டைதான் என்றால் ஐம்பது வருஷம் ஆறவைத்தாலும் அது உலக உருண்டைதான்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1918இல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமான பேர் இன்ஃப்ளுயன்ஸாவில் செத்தார்கள். பாரதி இந்தப் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி 1918 நவம்பர் 20இல் கடலூர் அருகே கைதானது அதே வருஷத்தின் கடைசி மாதங்களில்தான். அப்போது பிச்சமூர்த்திக்குப் பதினெட்டு வயது, கு.ப.ரா.வுக்குப் பதினாறு, புதுமைப்பித்தனுக்குப் பன்னிரண்டு, மௌனிக்குப் பதினொன்று. ‘மணிக்கொடி’யின் பெரும் பெயர்கள் எல்லாம் அன்றைக்கு மாணவர்கள். அவர்கள் வளர்ந்து எழுதியதில், நான் படித்தவரை, அந்தச் சாவுகள் ஒரு பொருளாக நிற்கவில்லை. இந்தியில் நிராலா தன் மனைவியையும் உறவுகளையும் கொண்டுபோன அந்தக் கங்கைக் கரையைப் பிற்பாடு 1939இல் எழுதினார். தமிழில் நாம் தேடவேண்டியிருக்கிறது. கலைஞர்கள் இல்லாமல் போய்விட்டதால் அல்ல. சென்னையில் நடைபாதையில் ஒரு பிச்சைக்காரன் சாவதையும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழந்தையையும் ‘மகாமசான’த்தில் புதுமைப்பித்தன் பார்த்த பார்வை யாருக்கும் குறைந்ததல்ல. அந்தக் கதையில் பாடம் கிடையாது, ஆறுதல் கிடையாது. அந்தக் கண் பன்னிரண்டு வயதிலும் எதையோ பார்த்திருக்கும். யாரும் அதைக் கேட்டு எழுதி வைக்கவில்லை. 1918இல் மாணவர்களை யாரும் கேட்கவில்லை. 2020இல் கேட்டோம், பதிலையும் நாமே சொல்லிக்கொடுத்தோம். இரண்டில் எது மேல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மௌனத்தையாவது ஒருநாள் மௌனம் என்று அடையாளம் காணமுடியும்.

இந்த ஊரிலேயே நமக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை தினப்படி சேதிக் குறிப்பு எழுதினார். இன்ன நாள், இன்ன நேரம், இன்னார் வந்தார், இன்னது சொன்னார், கப்பல் வந்தது, சரக்கு இன்ன விலை. அவர் எழுத்தாளர் அல்ல, வியாபாரி. சுயநலமும் உண்டு, ஜாதி கர்வமும் உண்டு. ஆனால் அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கு வைக்கவேண்டும் என்ற கணக்குப்பிள்ளையின் நாணயம் அவரிடம் இருந்தது. வாழ்க்கை தனக்கு என்ன பாடம் கற்றுத்தந்தது என்று ஒவ்வொரு நாள் முடிவிலும் அவர் பத்தி எழுதிக்கொண்டிருந்தால், அதை மதராஸ் சர்க்கார் பன்னிரண்டு பாகங்களாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டிருக்காது. நாமும் இன்று படித்துக்கொண்டிருக்கமாட்டோம்.

மாணவர்களை விட்டுவிட்டு நம்மிடம் வருவோம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நூறு இருநூறு பேரிடம். 2020இல் நம் கவிஞர்கள் என்ன எழுதினார்கள்? வெறிச்சோடிய தெரு. திரும்பி வந்த குருவிகள். துல்லியமான வானம். தனிமையின் மேன்மை. நாங்கள் எப்போதும் தனித்திருந்தவர்கள்தாம், இப்போது உலகம் எங்களிடம் வந்திருக்கிறது என்று ஒரு பெருமிதம். முதல் தேதி தவறாமல் சம்பளம் வந்தவனின் தனிமை இது. வெறிச்சோடிய தெரு என்றால் அந்தத் தெருவில் கடை போட்டிருந்தவன் எங்கே போனான் என்று கேட்க ஒரு கவிதைக்குத் தோன்றவில்லை. காம்யுவின் கொள்ளை நோய் நாவலை மறுபடி படித்து மேற்கோள் காட்டியவர்கள் பலர். அந்த நாவலில் கிரான் என்று ஒரு நகராட்சிக் குமாஸ்தா வருகிறான், சாவுக் கணக்கை உட்கார்ந்து எழுதுகிறான், அவனை யாரும் மேற்கோள் காட்டவில்லை. மாணவன் ஜன்னல் கம்பிக்கு வெளியே குருவியை வரைந்தான் என்றால் அந்தக் குருவி நம் கவிதைகளிலிருந்து பறந்து போனதுதான்.

இதில் பணயம் என்ன என்று கேட்கலாம். அந்த வருஷங்களில் தேறியவர்களுக்கு நம் ஊரில் ‘கொரோனா பேட்ச்’ என்று ஒரு பெயர். பரீட்சை எழுதாமல் பாஸ் ஆனவர்கள் என்ற கேலி. தமிழ்நாட்டில் 2020 ஜூனில் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாயிற்று, 2021 ஜூனில் பிளஸ் டூ தேர்வு ரத்தாயிற்று. அதே 2021 ஆகஸ்டில் மதுரையில் ஒரு தனியார் வங்கியின் வேலை விளம்பரத்தில், 2021இல் தேறியவர்கள் வரவேண்டாம் என்று அச்சாகியிருந்தது. கேள்வி எழுந்தபின் அச்சுப்பிழை என்றார்கள். ஒரு தலைமுறையையே அச்சுப்பிழையாகப் பார்க்கிற ஊரில், அந்தத் தலைமுறை தனக்கு நடந்ததைத் தன் வாயால் சொல்ல ஒரே ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அதையும் நாம் நம்பிக்கை, மீண்டெழுதல் என்று நிரப்பி வாங்கிக்கொண்டோம். நாளைக்கு அவர்களுக்கே தங்கள் பதினேழு வயது ஞாபகம் வரும்போது, மலரில் அச்சான அந்த மூன்று பத்திதான் ஞாபகம் வரும். அச்சில் இருப்பது நினைவை ஜெயித்துவிடும். இதைத்தான் திருட்டு என்கிறேன்.

அவர்களில் பலர் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். இன்னும் கேட்கலாம், முற்றிலும் காலம் கடந்துவிடவில்லை. மலர் போடுகிறவர்களுக்கு என் யோசனைகள் சுருக்கமானவை. தலைப்புக் கொடுக்காதீர்கள். பரிசு வேண்டாம். ‘என்ன கற்றுக்கொண்டாய்’ என்று கேட்காதீர்கள். வீட்டில் எத்தனை கைபேசி, யாருக்கு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்த ஏப்ரலில் வீட்டில் எதை விற்றார்கள், எதை அடகு வைத்தார்கள் என்று கேளுங்கள். யாருடைய சாவுக்குப் போகமுடியவில்லை, அன்று என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேளுங்கள். பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கிறுக்கியது இருந்தால் அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வண்ணம் தீட்டாமல், திருத்தாமல், வாழ்த்துரை இல்லாமல் அப்படியே அச்சிடுங்கள். அதில் பாதி குப்பையாக இருக்கும். இருக்கட்டும்.

அந்த ரேஷன் கடைப் படத்தைப் போட்டி முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவில்லை. சங்கத்தின் அலமாரியில் மற்ற படங்களோடு கிடக்கிறது என்றார்கள். இரண்டு தடவை கேட்டேன், சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்றார்கள். மறுபடி கேட்கப்போகிறேன்.